குற்றாலச் சாரலில் கிராம்பு வேர்விட்ட கதை

இந்தியாவில் கிராம்பு மரம் முதலில் வேர்விட்ட இடம் குற்றாலம். 1800-ஆம் ஆண்டை ஒட்டி, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் வாசனைப்பயிர்த் தோட்டத்தை அமைத்து, கிராம்பை இங்கே கொண்டுவந்து நட்டது. சீசனில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வழியோரக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிப் போகிறார்கள். வெளிநாட்டு மரங்களை இந்த அடிவாரத்தில் வளர்த்துப் பார்க்கும் முயற்சிக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது என்பதை அவர்களில் பெரும்பாலோர் அறிந்திருக்க மாட்டார்கள்.

கம்பெனிக்கு அதில் என்ன லாபம் என்பது வரலாற்றாசிரியர்களின் கேள்வி. எனக்கு மரத்தின் பக்கம் நின்று கேட்கத் தோன்றுகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய தீவுகளில், வருடம் முழுவதும் மழை பெய்யும் காட்டில் பிறந்த ஒரு மரம், கண்ணாடிக் கூரையோ வெந்நீர்க் குழாயோ இல்லாத திறந்த வெளியில், தென்காசிச் சீமையின் மேற்கு மூலையில் எப்படிப் பிழைத்தது?

கிராம்பின் தாயகம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். ஜாதிக்காய் அதற்குத் தெற்கே உள்ள பாண்டா தீவுகளைச் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி இந்த இரண்டையும் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டது. கிராம்பு அம்போன் தீவிலும் அதைச் சுற்றியுள்ள சில தீவுகளிலும் மட்டுமே வளரலாம் என்று விதித்து, மற்றத் தீவுகளில் நின்ற மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஜாதிக்காய்க்காகப் பாண்டா மக்களை 1621-இல் ஏறக்குறைய அழித்தே விட்டார்கள். 1770-இல் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் கிராம்பு, ஜாதிக்காய் நாற்றுகளை மொரீசியசுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1796-இல் ஆங்கிலேயர் அம்போனையும் பாண்டாவையும் கைப்பற்றினார்கள். கம்பெனி கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளரை அங்கே அனுப்பி நாற்றுகளைச் சேகரிக்கச் சொன்னது. அவர் அனுப்பியவற்றில் பெரும் பகுதி பினாங்குக்குப் போயிற்று. குற்றாலத் தோட்டமும் அந்தக் காலத்து முயற்சிதான்.

அந்த நாளில் ஒரு கிராம்பு மரத்தைக் கடல் கடத்துவது எவ்வளவு கடினம் என்று புரிய வேண்டுமானால் அதன் விதையைப் புரிந்துகொள்ள வேண்டும். நெல், கேழ்வரகு, பருத்தி விதைகளைக் காயவைத்துக் குதிரில் போட்டால் அடுத்த பருவம் வரை உயிரோடு இருக்கும். விதை முற்றும்போதே அது தன் நீரை வெளியேற்றிக்கொள்கிறது. நீர் போன இடத்தைச் சில சர்க்கரைகளும் புரதங்களும் நிரப்பி, செல்லின் உள்ளமைப்பு நொறுங்காமல் காக்கின்றன. கிராம்பு விதைக்கு இந்த ஏற்பாடு கிடையாது. மழை ஓயாத காட்டில் பழம் விழுந்த அன்றே முளைக்கத் தொடங்கலாம்; காத்திருக்கும் கலையை அது கற்க வேண்டிய அவசியமே வரவில்லை. மரத்திலிருந்து உதிர்ந்த பழத்தைக் காயவிட்டால் விதை செத்துவிடும். ஒரு வாரம் தாண்டினாலே முளைப்பு வேகமாகக் குறைகிறது. ஜாதிக்காய், மங்குஸ்தான் விதைகளும் இதே வகைதான். டச்சுக்காரர்கள் ஜாதிக்காயைச் சுண்ணாம்பு நீரில் தோய்த்துக் கப்பலேற்றியதை, வேறு யாரும் முளைக்கவைக்கக் கூடாது என்பதற்காகச் செய்த தந்திரம் என்று சொல்வதுண்டு. அந்தத் தந்திரம் தேவையே இல்லை. காய்ந்த ஜாதிக்காய் முளைக்காது.

ஆகவே விதையாகக் கொண்டுவர வழியில்லை. உயிருள்ள நாற்றாகத்தான் கொண்டுவர வேண்டும். செடிகளைக் கப்பலில் பாதுகாக்கும் வார்டு பெட்டி என்ற மூடிய கண்ணாடிப் பெட்டி 1830-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் பாய்மரக் கப்பலின் மேல்தளத்தில் தொட்டிகளை வைத்து, உப்புக் காற்றுக்குத் தப்பவைத்து, மாலுமிகளுக்கே அளந்து ஊற்றும் நன்னீரில் ஒரு பங்கைச் செடிக்கு ஊற்ற வேண்டும். கரை சேர்ந்த நாற்று மறுபடி மாட்டுவண்டியிலோ தலைச்சுமையிலோ மலையடிவாரம் வரை வர வேண்டும். இத்தனையையும் தாண்டி வந்த செடிக்குத் தவறான இடத்தைத் தேர்ந்திருந்தால் எல்லாப் பாடும் வீண்.

இடம் சரியாகவே அமைந்தது. ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

குற்றாலம் குளிர்ச்சியான ஊர் என்று எல்லோரும் சொல்கிறோம். ஊட்டியும் குளிர்தான், கொடைக்கானலும் குளிர்தான் என்று சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ஒரு மரத்துக்கு இவை முற்றிலும் வெவ்வேறு உலகங்கள். மலை ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அதன் குளிர் உயரத்தின் குளிர். மார்கழி, தையில் அங்கே புல்லில் உறைபனி படிகிறது. குற்றாலம் ஊர் இருப்பதோ சுமார் 170 மீட்டர் உயரத்தில். இந்த உயரத்துக்குக் கிடைக்கும் குறைவு ஒரு டிகிரி அளவே. அப்படியென்றால் ஆனி, ஆடியில் நம் மேனியைச் சிலிர்க்க வைப்பது எது?

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை மறித்து நிற்கிறது. காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, நீராவி மழையாகக் கேரளப் பக்கம் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது அதே காற்று வறண்டு சூடேறுகிறது. திருநெல்வேலிச் சமவெளி ஆடி மாதத்தில் புழுதிக் காற்றில் காய்வது இதனால்தான். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே மலைச்சுவரில் ஓர் இடைவெளி இருக்கிறது, ஆரியங்காவுக் கணவாய். அதன் வழியே வரும் காற்று உயர ஏறி இறங்க வேண்டியதில்லை. ஈரத்தைப் பெருமளவு தன்னிடமே வைத்துக்கொண்டு புளியரை, செங்கோட்டை, குற்றாலம், தென்காசி என்று நுழைகிறது. சாரல் என்று நாம் கொண்டாடுவது அந்த ஈரம்தான். மேகம் பகல் வெயிலைத் தடுக்கிறது. இரவில் அதே மேகம் தரையின் வெப்பம் வானுக்குத் தப்பாமல் போர்த்துகிறது. பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்ப வேறுபாடு சிறியதாகிறது. இலை மீது படும் நுண்துளி ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் குளிர்கிறது.

சுருக்கமாக, குற்றாலத்தின் குளிர் மேகத்தின் குளிர். கிராம்புக்கு வேண்டியது இதுதான். ஊட்டியின் குளிர் அதைக் கொன்றுவிடும்.

ஏன் கொல்கிறது? உறைபனி வேண்டியதில்லை, பத்துப் பன்னிரண்டு டிகிரியே வெப்பமண்டல மரங்கள் பலவற்றுக்கு ஆபத்து. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது. நீரும் உப்புகளும் உள்ளே வெளியே போக அது நெகிழ்வாக இருக்க வேண்டும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து சீசாவிலிருந்து வெளியே வர மறுப்பதுபோல, சூடான தேசத்து மரத்தின் படலமும் குளிரில் இறுகிவிடுகிறது. இறுகிய படலம் கசியத் தொடங்குகிறது. வேர் நீரை உறிஞ்ச முடியாமல், ஈரமான மண்ணிலேயே இலை வாடுகிறது. மறுநாள் வெயில் ஏறியதும், வேலை செய்ய முடியாத இலை மீது ஒளி விழுந்து அதைக் கருக்குகிறது. குளிர் தேசத்துச் செடிகள் இதற்கு வேறு வகைக் கொழுப்பைச் சேர்த்துத் தப்பித்துக்கொள்கின்றன. கிராம்புக்கு அந்தத் திறன் குறைவு. குற்றாலத்தில் மார்கழி இரவும் பத்து டிகிரியை நெருங்குவதில்லை.

நீலகிரியில் பிற்காலத்தில் மங்குஸ்தானையும் கிராம்பையும் வளர்க்க முயன்றவர்கள் ஊட்டிக்குப் போகாமல், கீழே பர்லியாறிலும் கல்லாறிலும் தோட்டம் போட்டார்கள். குற்றாலம் முன்பே காட்டிய அதே விதி.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்தோனேசியாவின் பல பகுதிகளில் டிசம்பர், ஜனவரியில் மழை உச்சம். அம்போன் அதற்கு விதிவிலக்கு. அங்கே பெருமழை மே முதல் ஆகஸ்ட் வரை கொட்டுகிறது. குற்றாலத்துச் சாரலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அம்போன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே நாலு டிகிரிக்குள். குற்றாலம் வடக்கே ஒன்பது டிகிரிக்குள். ஆக, பகல் நீளமும் பெரிதாக மாறுவதில்லை. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் குற்றாலத்தில் பகல் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் குறைவாகவே கூடிக் குறைகிறது. மரம் தன் நாட்காட்டியை அதிகம் திருத்த வேண்டியிருக்கவில்லை.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. வந்திறங்கிய கிராம்பு, ஜாதிக்காய், மங்குஸ்தான் மூன்றுக்கும் இங்கே முன்பே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். கிராம்பும் நம் நாவலும் ஒரே பேரினம். ஒரு நாவல் இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த உறவு மூக்குக்கே தெரியும். மங்குஸ்தானும், மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியும் ஒரே பேரினம். ஜாதிக்காயின் உறவுதான் எல்லாவற்றிலும் அழகானது. கணவாயைத் தாண்டி மேற்கே இறங்கினால் குளத்துப்புழைப் பகுதியில் காட்டு ஜாதிக்காய்ச் சதுப்பு நிலங்கள் இருக்கின்றன. சேற்றுக்கு மேல் வளைந்து எழும் முட்டிவேர்களால் மூச்சுவிட்டு நிற்கும் மரங்கள் அவை. உலகில் இன்று மிச்சமிருக்கும் மிகப் பழைய பூக்கும் தாவர வழிகளில் ஒன்றைச் சேர்ந்தவை. இந்தியாவின் ஈரக்காடுகளும் தென்கிழக்காசியாவின் ஈரக்காடுகளும் ஒரு காலத்தில் விதைகளைப் பரிமாறிக்கொண்டன. இடையே நிலம் வறண்டபோது தொடர்பு அறுந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர மடிப்புகளில் அந்தப் பழைய காட்டின் ஒரு பகுதி தங்கிவிட்டது. பாண்டாவிலிருந்து வந்த நாற்று நிழல் தேடி நின்றது அந்த மடிப்புகளில் ஒன்றில்.

உறவு இருந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. நாவல் ஆலங்குளத்துக் கரிசலிலும் நிற்கும். கிராம்பு அங்கே ஒரு சித்திரையைத் தாண்டாது. மலுக்குத் தீவுகளுக்கும் குற்றாலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அந்தச் சித்திரைதான். அங்கே எந்த மாதமும் முழுதாக வறள்வதில்லை. இங்கே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மாசி முதல் வைகாசி வரை வறட்சி. காற்றில் ஈரம் குறைந்தால் இலையின் நுண்துளைகள் வழியே நீர் வேகமாகப் போகிறது. மரம் துளைகளை மூடிக்கொள்கிறது. மூடினால் கரியமில வாயு உள்ளே வராது, உணவு தயாராகாது. வளர்ந்த மரம் ஆழ்ந்த வேரால் சமாளிக்கும். இரண்டு வயது நாற்று சமாளிக்காது. இந்தப் பக்கத்தில் கிராம்பு நாற்றுகள் சாவது பெரும்பாலும் மழையில் அல்ல, முதல் இரண்டு மூன்று கோடைகளில். சிற்றாற்றுத் தண்ணீரும் மரநிழலும் இல்லாமல் கம்பெனியின் தோட்டம் நிலைத்திருக்க முடியாது.

காற்றையும் சொல்ல வேண்டும். சாரலைக் கொண்டுவரும் அதே கணவாய்தான் வேகக் காற்றையும் கொண்டுவருகிறது. சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் சுழல்வது அதனால். கிராம்பின் கிளை எளிதில் முறியும். மலை மடிப்பு காற்றை மறைக்கும் இடத்தில் மட்டுமே மரம் நன்றாக நிற்கும்.

ஜாதிக்காய் இன்னொரு சிக்கலோடு வந்தது. அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையிலிருந்து வளர்த்தால் ஏறத்தாழ பாதி ஆணாகப் போகும். எது எது என்று பூக்கும் வரை தெரியாது. பூக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் மகரந்தம் தரப் போதும். அதனால் அந்தக் காலத்துத் தோட்டக்காரர், பல வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்களில் கிட்டத்தட்டப் பாதியை வெட்ட வேண்டியிருந்தது. இன்று ஒட்டுக்கட்டுதல் இதைத் தீர்த்துவிட்டது. பெண் மரத்தின் குருத்தை நாற்றின் மேல் ஒட்டுகிறார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: நேராக மேல்நோக்கி வளரும் குருத்தை ஒட்டினால் மரமாக நிமிரும்; பக்கக் கிளையின் நுனியை ஒட்டினால் பக்கவாட்டில் படர்ந்த புதராகவே ஆயுள் முழுக்க இருக்கும். கிளை தான் பக்கக் கிளை என்பதை மறப்பதில்லை.

மங்குஸ்தானுக்கு ஆண் பெண் தொல்லையே கிடையாது. கருவுறுதல் நடக்காமலே அது விதை வைக்கிறது. விதையாக நாம் ஊன்றுவது தாய் மரத்தின் திசுவிலிருந்து பிறந்த, ஏறக்குறைய அதன் நகலான செடி. அதனால் விதைக்கன்றும் தாயைப் போலவே காய்க்கும். விலை பொறுமையில் கொடுக்க வேண்டும். அதன் வேர் மிக மெதுவாகப் பரவுகிறது. காய்க்க எட்டுப் பத்து வருடம், சில வேளை அதற்கும் மேல். அடுத்த முறை மங்குஸ்தான் வாங்கும்போது பழத்தின் அடியில் பூப்போல இருக்கும் இதழ்களை எண்ணிப் பாருங்கள். உள்ளே அத்தனை சுளைகள் இருக்கும். பூவின் சூல்முடியில் எத்தனை பிரிவுகளோ சூலகத்தில் அத்தனை அறைகள் என்பதால் இந்தக் கணக்குத் தவறுவதில்லை.

குற்றாலத்தில் கிராம்பு பிழைத்தது என்று தெரிந்ததும், 1850 வாக்கில் அது தெற்கே நாகர்கோவில் பக்கத்துக்கும் பழைய திருவிதாங்கூரின் தென்பகுதிக்கும் பரவியது. இன்று நாட்டின் கிராம்பு விளைச்சலில் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்து மலைத்தோட்டங்களிலிருந்து வருகிறது. கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மாறாமலை, வெள்ளிமலைப் பகுதிகளில் இரண்டு பருவமழையும் கிடைக்கின்றன, கடல் ஈரமும் சேர்கிறது. கோடையின் கூர்மை அங்கே குறைவு. குற்றாலம் முதலில் நட்டது, குமரி முந்திக்கொண்டது. மரத்தின் தேவையை வைத்துப் பார்த்தால் இது நியாயமான முடிவுதான். ஆனால் நாம் இன்று பிரியாணியில் போடும் கிராம்பில் நாட்டு விளைச்சல் சிறு பங்கே, பெரும்பகுதி இறக்குமதி. இருநூறு ஆண்டுக்கு முன் இங்கே வேர்விட்ட ஒரு மரம் இன்னும் நம் தோப்புகளில் அரிதாகவே நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதன்முறையாக நட நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். புளியரை, செங்கோட்டை, மேக்கரை, பண்பொழி, குற்றாலம் என்று மலையை ஒட்டிய தோப்பு இருந்தால் துணிந்து நடலாம். தென்காசிக்குக் கிழக்கே போகப் போக நம்பிக்கை குறைகிறது. பாவூர்சத்திரத்தைத் தாண்டினால் வேண்டாம் என்பேன். தனி நிலத்தைவிடத் தென்னை, பாக்குத் தோப்பின் இடைவெளி மேல். அங்கே நிழல், ஈரம், காற்றுத் தடுப்பு மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. விதை என்றால் மரத்தில் கனிந்து உதிர்ந்த பழமே வேண்டும். ஓரிரவு நீரில் ஊறவைத்துச் சதையைக் கழுவி, மறுநாளே நிழலில் ஊன்ற வேண்டும். முளைத்தது ஒன்றரை முதல் இரண்டு வருடம் நாற்றங்காலில் இருக்கட்டும். சாரல் தொடங்கும் ஆனியில், இருபதடி இடைவெளிவிட்டு, தண்ணீர் தேங்காத குழியில் மக்கிய தொழுவுரத்தோடு நடுங்கள். முதல் மூன்று கோடைக்கு வேரடியில் சருகு மூடாக்கும், தென்னங்கீற்று நிழலும், வாரம் இருமுறை தண்ணீரும் தவறக் கூடாது. தண்டில் மரத்தூள் ஒட்டிய துளை தெரிந்தால் துளைப்பான் புகுந்துவிட்டது என்று பொருள், உடனே கவனியுங்கள். ஏழெட்டு வருடத்தில் முதல் மொட்டு வரும். பச்சை மாறி இளஞ்சிவப்பு ஏறும்போது, இதழ் விரியும் முன் பறிக்க வேண்டும். பூத்துவிட்டால் கிராம்பாக அதற்கு மதிப்பில்லை. நாலைந்து நாள் வெயிலில் காய்ந்தால் எடை மூன்றில் ஒரு பங்காகும்.

இந்த மலையடிவாரத்துத் தோப்புகளில் வயது தெரியாத கிராம்பு, ஜாதிக்காய், மங்குஸ்தான் மரம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைமுறைகளாக இந்தக் கோடைகளைத் தாங்கி நின்ற மரத்தின் விதை, வேறு எங்கிருந்து வாங்கும் நாற்றைவிடவும் இந்த மண்ணுக்குப் பொருத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். வீடு கட்டவோ ரிசார்ட் கட்டவோ அதை வெட்ட நேர்ந்தால், அதற்கு முன் தோட்டக்கலைத் துறைக்கு ஒரு வார்த்தை சொல்லி, விதையோ ஒட்டுக்குருத்தோ எடுக்க இடம் கொடுங்கள்.